அரசு நிலம், பஞ்சாயத்து இடம், கோயில் நிலம்: குத்தகை எடுக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சும்மா கிடக்கும் ஒரு துண்டு நிலத்தைப் பார்த்ததும் "இது அரசாங்க இடம்தானே, குத்தகைக்குக் கேட்டால் கொடுப்பார்களா?" என்று பலருக்குத் தோன்றும். விவசாயம் செய்ய, ஆட்டுப் பட்டி போட, கடை வைக்க, சிறு தொழில் தொடங்க என்று காரணங்கள் பல. ஆனால் விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை இறக்கிவிட்டு, பிறகு நோட்டீஸும் கையுமாக அலைகிறவர்கள்தான் அதிகம். அப்படி அலைந்தவர்கள் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பட்டா இல்லாத இடமெல்லாம் அரசு நிலம்தானே? எதைக் கேட்டாலும் கொடுக்கலாம் அல்லவா?

முடியாது. குழப்பம் தொடங்குகிற இடமே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வருவாய்த்துறைக் கணக்கில் அரசு நிலம் பல வகை. தீர்வை, அதாவது நிலவரி, ஏற்பட்ட தரிசு, ஏற்படாத தரிசு என்று இரண்டு. அப்புறம் புறம்போக்கு. அதற்குள் ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால், மந்தைவெளி, களம், வண்டிப்பாதை, மயானம், நத்தம், கல்லாங்குத்து, பாறை என்று நீளமான பட்டியல். தரிசு என்பது யாருக்கும் கொடுக்கப்படாமல் இருக்கும் நிலம். புறம்போக்கு என்பது ஊரின் ஏதோ ஒரு பொதுத் தேவைக்கென்று ஒதுக்கி வைத்தது.

அதிகாரிகள் வாயில் இன்னொரு பிரிவும் அடிபடும்: ஆட்சேபகரமானது, ஆட்சேபகரமற்றது. நீர்நிலை, மேய்க்கால், சாலை, சுடுகாடு போன்றவை ஆட்சேபகரமான புறம்போக்கு. இவற்றைத் தனி ஆளுக்கு விவசாயத்துக்கோ கடைக்கோ கேட்டு மனுப் போட்டால் அது நகராது. நகர்ந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது. ஊர்ப் பொது நிலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததையும், ஆக்கிரமிப்பைப் பிறகு முறைப்படுத்தியதையும் கண்டித்து, அவற்றை மீட்டு ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டது. ஏரிகளைக் காக்க 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. இருபது வருஷமாகத் தண்ணீரே பார்க்காத ஏரியாக இருந்தாலும் கணக்கில் ஏரி என்று இருந்தால் அது ஏரிதான். என் மனதுக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஒரு நல்ல மழை போதும், அது எதற்காக வெட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

நான் பார்த்து வைத்திருக்கும் இடம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சர்வே எண்ணையும் உட்பிரிவையும் கண்டுபிடியுங்கள். அதை வைத்து அ-பதிவேட்டைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும், வருவாய்த்துறையின் இணைய சேவையிலும் பார்க்கலாம். அதில் வகைப்பாடும் பரப்பும் குறிப்பும் இருக்கும். புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்து, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கில் யாராவது பயிர் செய்வதாகப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

"தலையாரி சொன்னார், தரிசுதானாம்" என்பதை நம்பி முள்வேலிக்குச் செலவு செய்யாதீர்கள்.

குத்தகை, ஒப்படை, நிலமாற்றம் எல்லாம் ஒன்றுதானா?

மூன்றும் வேறு. வருவாய்த்துறையின் விதித் தொகுப்பான வருவாய் நிலையாணைகளில் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருக்கிறது. 15-வது நிலையாணை ஒப்படையைப் பற்றியது: நிலமற்ற ஏழைகளுக்கு நிபந்தனையோடு நிலத்தைக் கொடுத்து, பட்டாவும் வழங்குவது. 24-வது நிலையாணை நிலமாற்றம்: நிலத்தை நிறுவனங்களுக்கோ பிறருக்கோ உரிமை மாற்றிக் கொடுப்பது. 24-அ தான் குத்தகை. இதில் நிலம் அரசுடையதாகவே இருக்கும். குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட வாடகைக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு. 26-வது நிலையாணை ஆக்கிரமிப்பைப் பற்றியது. அந்த வரிசையில் போய் உட்காராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பா காலத்திலிருந்து புறம்போக்கில் பயிர் செய்கிறோம். பி மெமோ கட்டிய ரசீதெல்லாம் இருக்கிறது. எங்களுக்கு உரிமை உண்டா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் என் உறவினர் ஒருவர் ஞாபகம் வரும். இருபது வருஷ பி மெமோ ரசீதுகளை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதுதான் தன் பட்டா என்று சாகும்வரை நம்பினார். அந்த நம்பிக்கையில் கிணறு வெட்டினார், தென்னை வைத்தார். அவர் போன பிறகு பிள்ளைகள் கைக்கு நோட்டீஸ் வந்தபோதுதான், அந்த ஒவ்வொரு ரசீதும் "நீ ஆக்கிரமித்திருக்கிறாய்" என்று அரசு எழுதிக் கொடுத்த சாட்சி என்று குடும்பத்துக்குப் புரிந்தது. அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரிடம் அதை எடுத்துச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

பி மெமோ என்பது 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி போடப்படும் தீர்வையும் அபராதமும். அது குத்தகையும் இல்லை, உரிமையும் இல்லை. அதே சட்டத்தின் 7-வது பிரிவின் கீழ் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், 6-வது பிரிவின் கீழ் வெளியேற்ற உத்தரவு வரும். 7-வது பிரிவு நோட்டீஸ் வந்தால் தயவுசெய்து பதில் எழுதுங்கள். பயந்துபோய் மடித்து வைப்பவர்கள்தான் இருக்கிற ஒரே வாய்ப்பையும் இழக்கிறார்கள். நோட்டீஸ் கொடுக்காமல், பதிலைக் கேட்காமல் யாரையும் வெளியேற்ற முடியாது.

அதே சமயம், நிலம் ஆட்சேபகரமற்றதாக இருந்து, உங்களுக்கு வேறு நிலம் இல்லை என்றால், அந்த நீண்ட கால அனுபவத்தைக் காட்டி ஒப்படை கேட்டு மனுக் கொடுக்கலாம். அப்போது அந்த ரசீதுகள் அனுபவத்துக்கு ஆதாரமாக உதவும். பெரிய நகரங்களைச் சுற்றி 'பெல்ட் ஏரியா' என்ற பகுதியில் ஒப்படை தரத் தடை இருந்திருக்கிறது. உங்கள் ஊர் அதற்குள் வருகிறதா, இப்போதைய அரசாணை என்ன சொல்கிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"12 வருஷம் அனுபவித்தால் நிலம் நமக்குத்தான்" என்பதும் ஊரில் உலவும் பேச்சு. காலவரையறைச் சட்டத்தில் 12 ஆண்டு என்பது தனியார் நிலத்துக்கு. அரசு வழக்குப் போட 30 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதைத் தாண்டியும் நிரூபிக்க வேண்டியது நிறைய உண்டு.

விவசாயத்துக்கு அரசு நிலத்தைக் குத்தகைக்கு எப்படிக் கேட்பது?

மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, சர்வே எண், பரப்பு, எதற்காக, எத்தனை காலத்துக்கு என்று தெளிவாக எழுதி மனுக் கொடுக்க வேண்டும். அது கீழே இறங்கும்: கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் விசாரணை, நில அளவர் வரைபடம், ஊரில் ஆட்சேபம் கேட்டு விளம்பரம், பஞ்சாயத்தின் கருத்து. பிறகு வட்டாட்சியர், கோட்டாட்சியர் வழியாக மறுபடி மேலே ஏறும். நிலத்தின் மதிப்பு ஆட்சியரின் வரம்பைத் தாண்டினால் கோப்பு நில நிர்வாக ஆணையருக்கும் அரசுக்கும் போகும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தனி ஒருவருக்குப் பயிர் செய்ய வருவாய்த்துறை நிலம் குத்தகையாகக் கிடைப்பது அரிது. விவசாயக் குத்தகை நடைமுறையில் அதிகம் நடப்பது கோயில் நிலத்தில்தான். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஏரி மீன், புளியமரம் ஏலம் விடுகிறார்களே, அதுவும் நிலக் குத்தகையா?

மகசூல் குத்தகை. நிலம் உங்கள் கைக்கு வராது. மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு மீன் பிடிக்கும் உரிமை மட்டும். ஏரிக்குள் மண் எடுக்கவோ, கரையில் கொட்டகை போடவோ, பாசனத் தண்ணீரைத் தடுத்து வைக்கவோ உரிமை கிடையாது. புளியமரமும் அப்படித்தான்: காய் உங்களுக்கு, கிளையை வெட்டினால் வழக்கு.

இந்த ஏலங்கள் பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில் நடக்கும். ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. நடுவில் ஏலம் எடுத்தால் மீதி மாதங்கள்தான் உங்களுக்கு, ஆகவே அறிவிப்பில் காலத்தைப் பாருங்கள். டேவணித் தொகை (முன்வைப்புத் தொகை) கட்டினால்தான் ஏலத்தில் கேட்க முடியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று 2சி பட்டா. புறம்போக்கில் நீங்கள் வைத்து வளர்த்த மரத்தின் பலனை அனுபவிக்கத் தரும் மரப்பட்டா இது. பெயரில் பட்டா என்று இருப்பதால், மரம் நிற்கும் நிலமும் தன்னுடையது என்று நினைத்து விற்கப் போனவர்களும் உண்டு. வாங்கியவர்கள்தான் பாவம்.

கடை, குடோன், பெட்ரோல் பங்க் மாதிரி வணிகத்துக்கு என்ன விதி?

இடம் யாருடையது என்பதைப் பொறுத்து பாதை மாறும்.

வருவாய்த்துறை நிலம் என்றால் மேலே சொன்ன 24-அ வழிதான். வாடகை நிலத்தின் சந்தை மதிப்பில் குறிப்பிட்ட விகிதத்தில் கணக்கிடப்படும். வணிகம் என்றால் விகிதம் கூடும். அதன் மேல் உள்ளாட்சிக்கான தலவரி, தலமேல்வரி சேரும். குறிப்பிட்ட இடைவெளியில் வாடகையை மாற்றி அமைப்பார்கள். இந்த மாற்றத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஆறேழு வருஷம் பழைய வாடகையையே கட்டிக்கொண்டிருப்பார்கள், அலுவலகமும் வாங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் வித்தியாசத் தொகை முழுவதையும் கேட்டுக் கடிதம் வரும். "ரசீது கொடுத்தார்களே" என்பது அங்கே செல்லாது. வாடகை மறுநிர்ணயம் ஆகாவிட்டால் நீங்களே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

நகராட்சி, பேரூராட்சி, பஞ்சாயத்துக் கடைகள் என்றால் பொது ஏலமும் ஒப்பந்தப்புள்ளியும். ஏலத்தில் வேகம் வந்து பக்கத்துக்காரரோடு போட்டி போட்டு மாத வாடகையை ஏற்றிவிட்டு, நான்காம் மாதமே கட்ட முடியாமல் போவது சகஜம். அப்போது வைப்புத்தொகை போகும், கடைக்குச் சீல் விழும். ஏலத்துக்கு முதல் நாள் இரவே "இதற்கு மேல் கேட்க மாட்டேன்" என்று ஒரு தொகையைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் ஒருவரிடம் காட்டிவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

தொழிற்சாலை என்றால் சிப்காட், அதாவது தொழிற்பேட்டைகளை நடத்தும் தமிழ்நாடு அரசு நிறுவனம். அங்கே மனைகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒதுக்கப்படுகின்றன. குறித்த காலத்துக்குள் தொழில் தொடங்காவிட்டால் ஒதுக்கீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வணிகக் குத்தகை வாடகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, கணக்குப் போடும்போதே சேர்த்துப் போடுங்கள். விவசாயத்துக்கு எடுக்கும் வெற்று நிலத்துக்கு இந்த வரி கிடையாது.

கோயில் நிலம் அரசு நிலமா?

இல்லை. அது சாமி பேரில் இருக்கும் நிலம். இந்து சமய அறநிலையத் துறை நிர்வகிக்கிறது, அவ்வளவுதான். துறையின் கணக்கில் 4.78 லட்சம் ஏக்கர் இருக்கிறது.

1959-ஆம் வருஷ இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவை மனதில் வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் ஆணையரின் அனுமதி வேண்டும். அந்தக் குத்தகை கோயிலுக்குத் தேவையானது அல்லது நன்மை தருவது என்று காட்டியாக வேண்டும். அனுமதி இல்லாமல் செயல் அலுவலரோ அறங்காவலரோ எழுதிக் கொடுத்த நீண்ட காலக் குத்தகை செல்லாது. கையெழுத்துப் போட்டவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் செல்லாது.

வீடோ கடையோ நீங்கள் கட்டி, இடத்துக்கு மட்டும் வாடகை கொடுப்பதை அடிமனை வாடகை என்பார்கள். நியாய வாடகை நிர்ணயம் 34-ஏ பிரிவின் கீழ் நடக்கும்.

வயல் என்றால் வேறு சட்டங்களும் சேரும். சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு 1955 முதலே தமிழ்நாட்டில் பாதுகாப்பு உண்டு. அறக்கட்டளை, கோயில் விவசாய நிலங்களுக்கு 1961-ல் தனிச் சட்டம் வந்தது. தகராறு என்றால் வருவாய் நீதிமன்றம். தன் உழைப்பில் பயிரிடுகிற குடும்பத்தை ஒரு கடிதத்தில் விரட்டிவிட முடியாது என்பது இந்தச் சட்டங்களால்தான். இந்தப் பாதுகாப்பு கிடைக்க இரண்டு விஷயங்கள் தேவை: பாக்கி இருக்கக் கூடாது, குத்தகை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே ரசீது வாங்கிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் ஏராளம். வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றக் கேட்டு இன்றே எழுதுங்கள். வறட்சியிலோ வெள்ளத்திலோ விளைச்சல் போனால் அந்தப் பருவத்திலேயே தள்ளுபடி கேட்டு மனுக் கொடுங்கள். மூன்று வருஷம் கழித்து அதை நிரூபிக்க முடியாது.

குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டுமா?

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அரசு நேரடியாக வழங்கும் ஆவணங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. அதைப் பத்திரத்தைத் தரும் அலுவலகத்திலேயே எழுத்தில் கேளுங்கள்.

எடுத்த இடத்தை இன்னொருவருக்கு உள்குத்தகை விடலாமா?

கூடாது. எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் செய்தால் குத்தகையையே ரத்து செய்யலாம். உங்களிடம் ஒருவர் "என் பேரில் குத்தகை இருக்கிறது, எனக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு நீ அனுபவித்துக்கொள்" என்று கேட்டாலும் இதே பதில்தான். அவருக்கு இல்லாத உரிமையை நீங்கள் விலை கொடுத்து வாங்குகிறீர்கள்.

கட்டடம் கட்டலாமா? போர் போடலாமா? மண் எடுக்கலாமா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும். குத்தகை முடியும்போது கட்டடத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும், அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள். முதலீட்டை முடியும் காலத்துக்குள் எடுத்துவிட முடியுமா என்று கணக்குப் பாருங்கள். மூன்று வருஷக் குத்தகையில் தென்னை வைப்பதில் அர்த்தம் இல்லை.

மண், கிராவல், கல் எதுவும் குத்தகைக்குள் வராது. அதற்குக் கனிமத் துறையின் தனி அனுமதி.

குத்தகை நிலத்தை வைத்துப் பயிர்க்கடன், காப்பீடு கிடைக்குமா?

கிசான் கடன் அட்டை குத்தகை விவசாயிக்கும் உண்டு. பயிர்க் காப்பீட்டிலும் குத்தகை விவசாயி சேரலாம். இரண்டுக்கும் அடங்கலில் உங்கள் பெயரில் சாகுபடி பதிவாகியிருப்பது முக்கியம். விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய்விடுங்கள். பி.எம். கிசான் உதவித்தொகை நிலம் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும். உழுகிறவர் கைக்கு அது போகவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

குத்தகைக் காலம் முடிந்தால் தானாகப் புதுப்பிக்கப்படுமா?

ஆகாது. முடிவதற்கு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். வாடகையைத் தொடர்ந்து வாங்கிக்கொள்வது புதுப்பித்ததாக அர்த்தம் இல்லை.

காலம் முடியும் முன்பே போவதும் உண்டு. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 160 ஏக்கர், 1945 முதல் 99 ஆண்டுக்கு, வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம் வாடகையில் கொடுக்கப்பட்டது. 1970-க்குப் பிறகான வாடகை உயர்வு பற்றிய தகராறு பல பத்தாண்டுகள் நீண்டது. 2023-ல் உயர் நீதிமன்றம் பாக்கியைக் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து இடத்தைத் தன் வசம் எடுத்தது.

மாஞ்சோலையின் கதை வேறு. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேல் தேயிலைக்காக 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை 2028-ல் முடிகிறது, நிலம் காப்புக்காடாகிவிட்டது. 2024-லேயே தோட்டத்தை மூடும் வேலை தொடங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களின் பெயர் அந்தக் குத்தகைப் பத்திரத்தில் எங்கும் இல்லை. ஒரு குத்தகை எழுதும்போது அந்த நிலத்தில் வாழப்போகிறவர்களை யாரும் நினைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கண் முன்னான உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒருவர் மலிவாக நிலம் குத்தகைக்குத் தருகிறார். பஞ்சமி நிலம் என்கிறார்கள். எடுக்கலாமா?

வேண்டாம். 1892-ல் தொடங்கி சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட நிலம் அது. அந்தச் சமூகத்துக்கு வெளியே கைமாற்ற முடியாது. மீறினால் அரசு திரும்ப எடுத்து உரியவர்களுக்குக் கொடுக்கலாம். சட்டத்தை விடுங்கள், அந்த நிலம் யாருக்காக வந்தது என்று தெரிந்த பிறகும் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்க மனம் வரக் கூடாது.

மனுக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. பதிலே இல்லை. என்ன செய்வது?

ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் புதிதாக மனுக் கொடுத்து எண் வாங்குங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும், வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஜமாபந்தியிலும் (கிராமக் கணக்குத் தணிக்கை) கொடுக்கலாம். ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் எல்லாம் மேசை மேல் இருக்கும், அங்கேயே புரட்டிக் காட்டச் சொல்லலாம்.

அப்புறம் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. "இந்தத் தேதியில் கொடுத்த என் மனுவின் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் அறிக்கைகளின் நகல், இந்தச் சர்வே எண்ணின் அ-பதிவேட்டு நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கோப்பு எந்த மேசையில், யாருடைய எந்தக் குறிப்பால் நின்றது என்று அந்த நகலில் தெரிந்துவிடும். அடுத்த மனுவை அந்தக் குறிப்புக்குப் பதிலாக எழுதுங்கள்.